மூன்றாம் நம்பர் பூத்தின் தொப்பிகள்

எங்கள் கடையில் டெலிபோனைக் கையில் எடுத்த எவரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "கேக்குதா?" கானாக்காரர் தங்கள் மொழியில் கேட்பார்கள். கொங்கோக்காரர் பிரெஞ்சில் கேட்பார்கள். நம்மவர்கள் தெருமுனைக்கே கேட்கும்படி கேட்பார்கள். சுகமா, சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நானும் என் அண்ணையும் சேர்ந்து நடத்திய கடை அது. முன்பக்கம் அரிசி, பருப்பு, டெலிபோன் கார்டு. பின்பக்கச் சுவரோடு நாலு பூத். எங்களுக்கு முன் அங்கே கடை வைத்திருந்தவர் ப்ளைவுட் பலகையில் அடித்து விட்டுப் போனவை. ஒவ்வொன்றிலும் ஒரு டெலிபோன், ஒரு ஸ்டூல், நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பேனை. நூலில் கட்டாவிட்டால் பேனையும் ஆட்களோடு வீட்டுக்குப் போய்விடும்.

நான் பெரிதாகப் படித்தவள் இல்லை. ஆனால் ஆட்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை. ஜமைக்காக்காரர் ஒருவர், ரிட்டையரான பஸ் டிரைவர், கதவைத் திறக்கும்போதே "இண்டைக்குக் கடல் எப்பிடி?" என்பார். லைன் தெளிவாக இருக்கிறதா என்று அர்த்தம். "அமைதியா இருக்கு, போங்கோ" என்பேன். கானா நர்ஸ் அக்கா ஒருத்தி பேசி முடித்துப் போனை வைக்கும்போது, "சரி, உன்ரை காதை உன்னட்டையே திருப்பித் தாறன்" என்பா. இவர்களெல்லாம் இங்கிலிஷில் பேசியவர்கள்தான். நான்தான் எல்லாவற்றையும் என் தமிழில் போட்டு ஞாபகம் வைத்திருக்கிறேன். இனி எழுதப்போவதும் அப்படித்தான்.

அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தவர். ஜெர்மனியில் ஒரு பெரிய ஹோட்டலில் துப்புரவு வேலையில் சேர்ந்து, கடைசியில் அந்தப் பகுதிக்கே பொறுப்பாக இருந்தவர். அவருடைய சட்டைப் பையில் ஒரு பேனை, காற்சட்டைப் பையில் ஒரு மஞ்சள் துணி எப்போதும் இருக்கும். அந்தப் பேனையை ஒருவருக்கும் கொடுக்கமாட்டார். அந்தத் துணி ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பேசிக்கொண்டே மேசையைத் துடைப்பார். மேசையில் கை ஊன்றி நிற்கிற ஆளையும் சேர்த்துத் துடைத்துவிடுவாரோ என்று சில வேளை எனக்குப் பயமாக இருக்கும்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஒரு பின்னேரம் ஒரு கறுப்பினப் பெண் வந்து எங்கள் குப்பை வாளிக்கு முன் குந்தியிருந்தாள். முப்பது வயது இருக்கும். ஆட்கள் நம்பரைச் சுரண்டிப் பேசி முடித்து எறிந்த டெலிபோன் கார்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, உந்தக் கார்டுகளிலை ஒண்டும் மிச்சமில்லை," என்றேன்.

"தெரியும் அக்கா. கதைச்சு முடிஞ்ச கார்டுதான் எனக்கு வேணும்."

அக்கா என்ற சொல்லை அவள் எங்கே பிடித்தாள் என்று தெரியவில்லை. பக்கத்துக் கடையில் கேட்டிருப்பாள். அண்ணை என்னிடம் தமிழில், "இந்தப் பிள்ளைக்கு என்ன குறை? காலிலை நல்ல சப்பாத்தெல்லோ போட்டிருக்கு," என்றார்.

அடுத்த கிழமை பெரிய கறுப்புப் பையோடு வந்தாள். உள்ளே இருந்தது ஒரு அங்கி. கார்டுகளை மீன் செதிள்போல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தைத்திருந்தாள். சிங்கம், தென்னைமரம், கொடிகள், சிரிக்கிற பெண்கள் என்று கார்டுகளில் இருந்த படமெல்லாம் தோளிலிருந்து கால்வரை இறங்கி வந்தன. அடி விளிம்பில் பழுதான மொபைல் போன்களின் பட்டன்கள். அதைப் போட்டுக்கொண்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவே நடந்தாள். மழை பெய்கிற மாதிரிச் சத்தம். நர்ஸ் அக்கா போனைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, "எனக்குத் தா," என்று வாங்கிப் போட்டுக்கொண்டு கடையையே ஒரு சுற்றுச் சுற்றினா.

"இது என்ன உடுப்பு?" என்று கேட்டேன்.

"என்ரை ஆக்கள் கப்பலிலை வந்தவை. பிறகு ஒவ்வொரு கிழமையும் போனிலை திரும்பிப் போய் வந்தவை. கார்னிவலுக்கு உடுப்பு இருக்கு, சேர்ச்சுக்கு உடுப்பு இருக்கு. அந்தப் பயணத்துக்குத்தான் ஒண்டும் இல்லை. அதாலை தைச்சன்."

பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைத் திருத்துகிற வேலை அவளுக்கு. மற்ற நேரமெல்லாம் இதுதான். ஆட்கள் கைவிட்ட கீபோர்டு, மோடம், ஹெட்போன் எல்லாம் அவளிடம் வந்து வேறு ஒன்றாகிவிடும். பிறகு எங்கள் கடைக்கு ஒரு சின்ன ரெக்கார்டரோடு வரத் தொடங்கினாள். எல்லோரும் கேட்கிற அந்த முதல் "கேக்குதா"வை மட்டும் அவர்களைக் கேட்டுப் பதிவு செய்தாள். என்னுடையதையும் எடுத்தாள். நான் இவ்வளவு கத்துகிறேன் என்று அதில் கேட்டுத்தான் தெரிந்தது.

அப்படி ஒரு நாள் ரெக்கார்டரோடு மூன்றாம் நம்பர் பூத்துக்குள் போனவள் வெளியே வரவில்லை. கதவைத் தட்டினேன். திறந்து என்னை உள்ளே இழுத்தாள்.

"இதை ஆர் கீறினது?"

எங்கள் பூத்துகளின் சுவர்களைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. எத்தனையோ வருஷக் கிறுக்கல்கள். ஆட்களின் நம்பர்கள் அழிந்துபோகும் என்று அண்ணையின் துணியை நான்தான் அங்கே விடாமல் வைத்திருந்தேன். டெலிபோன் நம்பர்கள், பெயர்கள், சதுரங்கள், மீன்கள், வட்டத்துக்குள் வட்டம். மூன்றாம் நம்பரில், டெலிபோனுக்குக் கீழே, தொப்பிகள். சேர்ச்சுக்குப் போகிற கறுப்பினப் பெண்கள் அணிகிற பெரிய தொப்பிகள். அகல விளிம்பு வைத்தது, பூ வைத்தது, வலை தொங்குவது, இறகு நிமிர்ந்து நிற்பது. ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

"ஒரு அம்மா," என்றேன். "ஞாயிற்றுக்கிழமை சேர்ச் முடிஞ்சு வருவா. ஊதாக் கோட்டு. ஜமைக்காவுக்குத் தங்கச்சியோடை கதைப்பா. வலக்கைக் கையுறையை மட்டும் கழட்டிப்போட்டுத்தான் போனை எடுப்பா."

அவள் ஸ்டூலில் இருந்துவிட்டாள். "அது என்ரை அம்மா," என்றாள்.

அம்மா எங்கேயோ ஒரு கடையில் போய்ப் பேசுவது அவளுக்குத் தெரியும். எந்தக் கடை என்று தெரியாது. அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் லூயிஷமில் இருந்தாள், அம்மா எங்கள் பக்கம் மேனர் பார்க்கில். சின்ன வயதில் இவள் சுவரில் கீறியபோதெல்லாம் அம்மா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாவாம்: "எங்கடை குடும்பத்திலை கீறுற ஆக்கள் ஒருத்தரும் இல்லை. நீ எங்கையிருந்து வந்தனி?" வளர்ந்து, நாலு பேர் சேர்ந்து வைக்கிற கலைக் காட்சிகளில் ஒரு மூலை கிடைத்தபோதும் அம்மா வரவில்லை. "குப்பை பாக்கவேணுமெண்டால் வீட்டு வாசலிலை பாக்கிறன். செவ்வாய்க்கிழமை லொறி வரும்," என்றாவாம்.

இதைச் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கண் தொப்பிகளை விட்டு அகலவில்லை.

அப்போதுதான் முதல்முறையாக அவளுக்கென்றே ஒரு காட்சி வைக்க இடம் கிடைத்திருந்தது. ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போகிற வழியில் மூடிக் கிடந்த கார்ப்பெட் கடை ஒன்றை இரண்டு கிழமைக்குக் கொடுத்திருந்தார்கள். நாங்களோ பூத்துகளை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கப் பேசிக்கொண்டிருந்தோம். ஆட்கள் ஹெட்போன் மாட்டி முகம் பார்த்தே பேசத் தொடங்கியிருந்த காலம்.

"அக்கா, இந்த நாலையும் எனக்குத் தருவீங்களா? மூன்றாம் நம்பரை நடுவிலை வைக்கப்போறன். அம்மாவை அதுக்கு முன்னாலை நிப்பாட்டி, இது ஆர் கீறினது எண்டு கேக்கப்போறன். அவ்வளவுதான். வேறை ஆர் வந்தாலும் சரி, வராட்டிலும் சரி."

"கொண்டு போங்கோ தங்கச்சி," என்றேன். வெள்ளிக்கிழமை வான் கொண்டுவருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை நான் சட்டன் பக்கம் ஒரு சொந்தக்காரப் பிள்ளை பெரியவளானதற்கு வைத்த சாமத்தியவீட்டுக்குப் போய்விட்டேன். போகும்போது அண்ணையிடம், "நாளைக்கு அந்தத் தங்கச்சி பூத்துகளைக் கொண்டுபோக வருவா, காட்சிக்கு வைக்கப்போறா," என்று மட்டும் சொன்னேன். தொப்பிக் கதையை வந்து ஆறுதலாகச் சொல்லலாம் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடைக் கதவைத் திறந்ததுமே பெயின்ட் மணம் மூக்கில் ஏறியது.

நாலு பூத்தும் வெள்ளையோ வெள்ளை. பால் ஊற்றிவிட்ட மாதிரிப் பளபளத்தன. நிலையில் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். ஒவ்வொரு பூத்தின் அடியிலும் ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை. ஒவ்வொரு ஸ்டூலின் மேலும் ஒரு பை சீனி.

அண்ணை கைகட்டி நின்றார். "எப்பிடி?"

"என்ன அண்ணை செய்தனீங்கள்?"

"ஊத்தையோடை ஒரு பொருளை ஒருத்தருக்குக் குடுப்பமே? நாளைக்குச் சனம் வந்து பாத்துட்டு, இது ஆரின்ரை கடைச் சாமான் எண்டு கேட்டால்? நல்லா சாண்ட் பேப்பர் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சு, மேலை ரெண்டு பூச்சு."

"இந்தச் சீனி?"

"வெறுமையாக் குடுக்கிறதே?"

அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் பக்கத்து வீட்டுப் பாத்திரம் திரும்பிப் போனால் கழுவித்தான் போகும், உள்ளே ஒரு பிடி சீனியாவது இருக்கும். எனக்கும் அவருக்கும் அம்மா ஒன்றுதானே.

அதற்குள் வான் வந்துவிட்டது. அவள் உள்ளே வந்தாள். பார்த்தாள். நேரே மூன்றாம் நம்பருக்குள் போய், சீனிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் இருந்தாள். தொப்பிகள் இருந்த இடத்தை உள்ளங்கையால் ஒருதரம் தடவினாள். அண்ணை பாராட்டை எதிர்பார்த்து அசையாமல் நின்றார்.

"நல்ல வடிவா இருக்கு அண்ணா," என்றாள். "நல்ல வேலை. நன்றி."

பிறகு வெளியே போய் வானுக்குப் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

நான் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் போன போக்கை எப்படிச் சொல்வது? தின்னரும் துணியும் எடுத்துக்கொண்டு மூன்றாம் நம்பருக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"ஒண்டும் இல்லை. நான் தேய்ச்சால் மிச்சம் இருக்காது," என்றார். இவ்வளவு கவலையோடும் இவ்வளவு பெருமையோடும் ஒரு மனிதர் ஒரு வசனத்தைச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அவளுடைய மொபைலில் தொப்பிகளின் படம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து மொபைல். எல்லாம் மங்கலாகக் கறுப்பு கறுப்பாக இருந்தது. "அம்மாவுக்குக் காட்டினால் சுவரிலை அடிச்சுக் கொண்ட நுளம்பு எண்டு சொல்லுவா," என்றாள். அதோடு, படத்தைக் காட்டினால் யாரோ கீறியது என்று அம்மா தப்பிவிடுவா. அந்தப் பூத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினால்தான் தப்ப முடியாது. வேறு வழியில்லாமல் வெள்ளைப் பூத்துகளையே ஏற்றினோம். அண்ணை ஒவ்வொன்றையும் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி வைத்தார்.

அதற்குப் பிறகு சில நாள் கடையில் அண்ணையின் மஞ்சள் துணி வெளியே வரவில்லை. அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "ஒருக்கா மேசையைத் துடையுங்கோ அண்ணை," என்று நானே சொன்னேன். "வேண்டாம்," என்றார்.

பூத்துகள் போன இடத்தில் இன்னும் கம்ப்யூட்டர் வரவில்லை. பஸ் டிரைவர் வந்தால் கல்லாவில் இருந்த டெலிபோனில்தான் பேசினார். ஒரு நாள் அவர் மச்சானோடு ஏதோ காணிச் சண்டையைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் மிளகாய்த்தூள் பைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். அவருடைய இடது கை எங்கள் சாமான் விலை நோட்டீஸ் ஒன்றைத் தன் பக்கம் இழுத்தது. கயிற்றில் கட்டியிருந்த பேனையைப் பிடித்தது. ஒரு டொமினோக் கட்டையைக் கீறிப் புள்ளி வைத்தது. பக்கத்தில் இன்னொன்று. அவர் கண் கண்ணாடிக்கு வெளியே தெருவில் இருந்தது. வாய் மச்சானோடு சண்டை பிடித்தது. கைக்கு இரண்டிலும் சம்பந்தமே இல்லை.

நான் மிளகாய்த்தூளை அப்படியே விட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதே டெலிபோனில் அவளைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, கேக்குதா? சுவர்தானே போச்சு. அம்மாவின்ரை கை இருக்கு."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம். பிறகு, "ஜமைக்காச் சித்தியின்ரை நம்பர் என்னட்டை இருக்கு," என்றாள்.

கார்ப்பெட் கடைக்கு நானும் அண்ணையும் இரண்டு பின்னேரம் போய் வேலை செய்தோம். மூன்றாம் நம்பர் பூத்தின் ஸ்டூலுக்குக் கீழே பழைய லேப்டாப் ஒன்றை ஒளித்து, இன்டர்நெட் வழியாக வருகிற அழைப்பை எங்கள் பழைய ரிசீவருக்குள் கொண்டுவந்தாள். பார்த்தால் எங்கள் டெலிபோன், உள்ளே புதுக்காலம். பேனையை நூலில் கட்டுகிற வேலையை அண்ணை எடுத்துக்கொண்டார். கடையில் இருந்த அதே நீளம், அதே முடிச்சு. சீனிப் பைகள் ஸ்டூல்களின் மேல் அப்படியே இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள்.

"சனம் இது என்ன எண்டு கேட்டால்?" என்றார் அண்ணை.

"நீங்கள்தான் சொல்லவேணும்," என்றாள்.

காட்சி திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சேர்ச் விடுகிற நேரம் பார்த்து வைத்திருந்தாள். எங்கள் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். நர்ஸ் அக்கா கார்டு அங்கியைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் தானே அழைத்தவள் மாதிரி வரவேற்றா. மேலே கட்டியிருந்த பழைய ஹெட்போன்களிலிருந்து "கேக்குதா, கேக்குதா" என்று எங்கள் எல்லோருடைய குரலும் கலந்து வந்துகொண்டிருந்தது. பஸ் டிரைவர் தன் குரல் வரும்வரை நின்று கேட்டு, வந்ததும், "ஓம், கேக்குது," என்று பதில் சொன்னார்.

அம்மா வந்தா. ஊதாக் கோட்டு, ஊதாத் தொப்பி, அதில் ஒரு சாம்பல் நிற இறகு. சித்தி இங்கே வைத்து உன்னோடு பேசவேண்டும் என்கிறா என்று மகள் சொன்னதால்தான் வந்திருந்தா. வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒருதரம் பார்த்தா. கீபோர்டுகளைக் கோத்துச் செய்த தூணைப் பார்த்தா. அங்கியைப் பார்த்தா. என்னைக் கண்டு, கடைக்காரியும் இங்கேயோ என்கிற மாதிரித் தலையாட்டினா. "செவ்வாய்க்கிழமை லொறி இங்கையும் வருமோ?" என்றா.

மகள் அவவைப் பூத்துகளுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா மூன்றாம் நம்பரின் கதவு விளிம்பில் கையுறை விரலால் ஒருதரம் இழுத்து, விரல் நுனியைப் பார்த்தா. தூசி இல்லை.

"இதை ஆர் செய்தது?"

மகள் அண்ணையைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு வராத அண்ணையை அம்மாவுக்குத் தெரியாது. அண்ணை தண்டனை கேட்க வந்தவர் மாதிரி முன்னால் வந்தார்.

"பிரைமர் போட்டனீங்களா?"

"ஓம், அம்மா."

"தெரியுது. இங்கை ஒரு வேலையாவது ஒழுங்கா நடந்திருக்கு."

மகளின் காட்சியில் அம்மாவுக்கு முதன்முதலாகப் பிடித்துப்போனது அண்ணையின் பெயின்ட். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினேன். அம்மாவும் அண்ணையும் மூலைகளில் பெயின்ட் வழியாமல் அடிப்பது எப்படி என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். டெலிபோன் மணி அடிக்காவிட்டால் இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

அம்மா உள்ளே போய், சீனிப் பையை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூலில் இருந்தா. வலக்கைக் கையுறையைக் கழற்றினா. ரிசீவரை இடது கையில் எடுத்தா.

"கேக்குதா?" என்றா.

கேட்டது. தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினா. ஒரு பழைய கார்ப்பெட் கடை, மேலிருந்து வயர் தொங்குகிறது, யாரோ ஒரு பொம்பிளை டெலிபோன் கார்டை உடுத்துக்கொண்டு நிற்கிறாள், ஆனால் பெயின்ட் அடித்த மனுஷன் கெட்டிக்காரன். நாங்கள் எல்லோரும் பூத்தைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மாவின் வலது கை மடியில் கிடந்தது. சேர்ச்சில் யார் என்ன அணிந்து வந்தார்கள் என்ற கதைக்கு வந்தா. கை எழும்பியது. நூலைப் பிடித்து விரலில் சுற்றியது. விட்டது. மறுபடி பிடித்தது. பேனைக்கு இறங்கியது.

வெள்ளைச் சுவரில் ஒரு நீள வளைவு விழுந்தது.

எனக்குப் பக்கத்தில் ஒரு அசைவு. அண்ணையின் கை காற்சட்டைப் பைக்குள் போயிருந்தது. மஞ்சள் துணி பாதி வெளியே. ஒரு கால் முன்னால். நான் அவருடைய சட்டையைப் பின்னால் பிடித்தேன்.

"விடு பிள்ளை, அவ சுவரிலை..."

"அண்ணை, சும்மா நில்லுங்கோ."

"ரெண்டு பூச்சு..."

"அண்ணை."

நின்றார். வேர்த்துக்கொண்டு நின்றார். வளைவு ஒரு விளிம்பானது. விளிம்புக்கு மேல் ஒரு குவிவு, அதைச் சுற்றி ஒரு ரிப்பன், ரிப்பனில் ஒரு பூ. அம்மா தங்கையிடம் யாரையோ பற்றி, "அந்த நிறம் அவவுக்குச் சரிவராது எண்டு நான் அப்பவே சொன்னனான்," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தொப்பிக்கு வலை விழுந்தது. அங்கி சத்தம் போடும் என்று நர்ஸ் அக்கா மூச்சைக்கூடப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தா.

மகள் கதவோரம் நின்றாள். இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தொப்பியில் இறகு பாதி வந்தபோது அந்தப் பக்கம் யாரோ தங்கையின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அம்மா அவசரமாக விடை சொல்லி ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினா. கடை நிறைய ஆட்கள் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டா.

"என்ன?" என்றா.

"அம்மா," என்றாள் மகள். "இதை ஆர் கீறினது?"

"எதை?"

மகள் காட்டினாள். அம்மா சுவரைப் பார்த்தா. தன் கையைப் பார்த்தா. கையில் இன்னும் பேனை இருந்தது.

"நான் எங்கை கீறினன்? நான் கதைச்சுக்கொண்டெல்லோ இருந்தனான்."

பஸ் டிரைவர்தான் முதலில் சிரித்தார். பிறகு கடையே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சுவருக்குக் கிட்டப் போனா. முதல் தொப்பியை நிதானமாகப் பார்த்தா. இரண்டாவதைப் பார்த்தா. மூன்றாவதில் நின்றா.

"இந்த இறகு இப்பிடி நிக்காது. விழுந்துபோம்," என்று பேனையை வைத்து இழுத்தா. பேனை எழுதவில்லை. உதறினா. இன்னொருதரம் இழுத்தா. மை முடிந்துவிட்டது.

"எங்கடை குடும்பத்திலை கீறுற ஆக்கள் ஒருத்தரும்..." என்று மகள் தொடங்கினாள்.

"கதைக்காதை. கை ஆடும்." சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் பூத்துக்கு வெளியே நீட்டினா. "பேனை."

அண்ணை தன் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து, மஞ்சள் துணியால் ஒருதரம் துடைத்து, அந்தக் கையில் வைத்தார்.